குருத்தில் இட்ட கோடு



நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த எனக்குப் பனி என்றால் மார்கழி விடியல்தான். வடசேரிச் சந்தைக்குப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். வயல் வரப்பில் நடந்தால் கணுக்கால் நனையும். வெயில் ஏறியதும் எல்லாம் மறைந்துவிடும். தெற்கே கடல், மேற்கே கடல், வடக்கே மலை. அதற்கும் அப்பால், வெகுதூரத்தில், வடதுருவக் குளிர்காற்றை நாட்டுக்குள் விடாமல் மறித்து நிற்கும் இமயம். இத்தனை காவலுக்குள் இருப்பதால்தான் நம் விளைகளில் தென்னை மாதம் தவறாமல் பாளை விடுகிறது.

அந்தக் காவல் இல்லாத ஊரில் பனந்தோட்டம் வைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறாள். பியர்லாண்ட் மீனாட்சி கோயில் அவள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஊர் நினைப்பு அவளை விடாது. வீட்டின் பின்புறம் தென்னை வைக்க ஆசைப்பட்டாள். அந்த ஊர்க் குளிருக்குத் தென்னை நிற்காது என்றார்கள். சரி, தென்னையின் சாயலாவது இருக்கட்டும் என்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்த குயின் பாம் ஒன்று நட்டாள். நம் பனையைப் போல விசிறி ஓலை கொண்ட மெக்சிகோப் பனை ஒன்று. டெக்சாஸ் மண்ணுக்கே சொந்தமான சேபல் பனை ஒன்று. மூன்றும் எட்டு, பத்து ஆண்டுகளில் கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டன.

2021 பிப்ரவரி. நமக்கு மாசி பிறந்த நேரம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது அங்கே அப்படியே நடந்தது. வடதுருவத்தின் குளிர்காற்று அணை உடைந்தாற்போல் தெற்கே இறங்கியது. டெக்சாஸின் 254 மாவட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் குளிர்காலப் புயல் எச்சரிக்கை. பிப்ரவரி 16ஆம் தேதி ஹூஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. ஒன்றரை நாளுக்கு மேலாக உறைநிலையைத் தாண்டி மேலே வரவே இல்லை. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றது. குழாய்கள் வெடித்தன. அந்தப் புயலில் இறந்தவர்கள் 246 பேர் என்று மாநில அரசு பின்னர் கணக்குச் சொன்னது. அத்தனை உயிர் போன இடத்தில் மரத்தைப் பற்றிப் பேசுவது பெரிதில்லைதான். ஆனால் மரம் வைத்தவர் மனசு மரத்தையும் தேடும்.

முதலில் அவள் அனுப்பிய படம் பார்க்க அழகாக இருந்தது. பச்சை ஓலை மேல் வெள்ளைப் பனி. பிள்ளைகள் இருவரும் கம்பளிக் குல்லாயோடு மரத்தடியில் நின்று சிரிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டாவது படம் வந்தது. குயின் பாமிலும் மெக்சிகோப் பனையிலும் ஓலை வைக்கோல் நிறத்தில் தொங்கிக் கிடந்தது, சேபலிலும் நுனிகள் கருகியிருந்தன. கூடவே அவள் குரலும் வந்தது: "சித்தப்பா, எல்லாம் பட்டுப் போச்சு. பக்கத்து வீடுகள்ல எல்லாம் வெட்டுதாவ. நானும் வெட்டிரட்டா?"

நான் கேட்டது ஒன்றுதான்: "மக்களே, குருத்தைப் பாத்தியா?"

நேயர்களே, மாமரத்துக்கும் பனைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாமரத்தில் ஒரு கொப்பு ஒடிந்தால் இன்னொரு கொப்பு தழைக்கும். அடியோடு வெட்டினாலும் சில சமயம் தூரிலிருந்து துளிர்க்கும். தென்னைக்கும் பனைக்கும் அந்த வசதி இல்லை. ஒரு மரத்துக்கு ஒரே குருத்து. உச்சியில், ஓலை மட்டைகள் ஒன்றை ஒன்று அணைத்துக் கட்டிய கொண்டைக்கு நடுவே அது இருக்கிறது. ஓலையும் பாளையும் அங்கிருந்துதான் வர வேண்டும். தடியில் காயம் பட்டால் மற்ற மரங்களைப் போல மேலே பட்டை மூடி ஆற்றிக்கொள்ளவும் பனை இனத்தால் முடியாது. பட்ட வடு கடைசிவரை நிற்கும். குருத்து போனால் மரம் போயிற்று. குருத்து இருந்தால், ஓலை அத்தனையும் கருகினாலும் மரம் இருக்கிறது.

பனி எப்படிக் கருக்குகிறது? இலையின் நுண்ணறைகளுக்குள்ளும் அவற்றைச் சுற்றியும் இருக்கும் நீர் உறைந்து ஊசி ஊசியாகப் பனிக்கட்டி ஆகிறது. அந்த அறைகளின் மெல்லிய சவ்வு கிழிகிறது. குளிர் இருக்கும்வரை ஓலை பச்சையாகவே தெரியும். வெயில் வந்து உருகியதும்தான் கிழிந்த அறையிலிருந்து நீர் கசியும். வேகவைத்த கீரை போல ஓலை துவளும், பிறகு காயும். முதல் படத்தில் பச்சையும் இரண்டாம் படத்தில் வைக்கோல் நிறமும் தெரிந்தது அதனால்தான்.

பனி எல்லாப் பனைகளையும் ஒரே மாதிரி தண்டிப்பதும் இல்லை. தென்னைக்கு நீர் உறையும் அளவு குளிர் வேண்டியதே இல்லை. அதற்கு 27 டிகிரி செல்சியஸ்தான் இதமான சராசரி வெப்பம். அதிலிருந்து வெகுவாக இறங்கிச் சில நாள் நீடித்தாலே வளர்ச்சி நின்று குரும்பை உதிரும். குயின் பாம் கொஞ்சம் தாங்கும், மெக்சிகோப் பனை இன்னும் கொஞ்சம் தாங்கும், சேபல் நன்றாகவே தாங்கும். நம் நாட்டிலேயே பனிப்பொழிவைச் சுமக்கும் பனை ஒன்று உண்டு. உத்தராகண்டின் குமாவூன் மலைகளில், பித்தோராகர் பக்கம் 2,000 மீட்டருக்கு மேலே தாகில் பனை என்று ஓர் இனம் இயற்கையாக வளர்கிறது. இத்தாலியத் தாவர அறிஞர் பெக்காரி 1905இல் அதை உலகுக்கு எழுதி வைத்தார். பனியும் பனையும் அங்கே ஆண்டாண்டாக ஒன்றாக வாழ்கின்றன.

நம் மாநிலத்திலும் உறைபனி புதிதில்லை. மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் புல்வெளி வெள்ளை விரிப்பாகிவிடும். தேயிலைக் கொழுந்து கருகும். உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் கொண்டு மூடி வைப்பார்கள். விடியும் முன்பே புல்வெளிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். வெயில் சுரீரென்று விழுவதற்கு முன்னால் பனியை மெல்லக் கரைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கைப்பழக்கத்தில் கற்ற அறிவு.

பொறுத்துப் பார் என்று நான் அண்ணன் மகளிடம் சொன்னதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் நம் மாவட்டத்தை அடித்துப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. கரையில் வாழை, ரப்பர், தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தன. எங்கள் விளையில் ஒரு தென்னை விழவில்லை. பாதி சாய்ந்து, ஓலை முறுக்கிப் பிய்ந்து, கொண்டை அலங்கோலமாக நின்றது. அது இனி எதற்கு என்று, மரம் வெட்ட வந்தவரிடம் அதையும் சேர்த்து வெட்டச் சொன்னேன். கீழே விழுந்த கொண்டையை அவர் கோடாலியால் பிளந்தார். உள்ளே, மட்டைகளுக்கு நடுவே, குருத்து வெண்ணெய் போல வெள்ளையாக, ஒரு கறைகூட இல்லாமல் இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓடி வந்து இனிக்க இனிக்கத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

எங்கள் அப்பா இருந்திருந்தால் வெட்ட விட்டிருக்க மாட்டார். விளைக்குள் நுழைந்தால் அவர் அண்ணாந்து முதலில் பார்ப்பது குருத்தை. குலையை அப்புறம்தான் எண்ணுவார். ஒரு ஐப்பசி அடைமழையில் எங்கள் தென்னை ஒன்றின் நடுக்குருத்து வெளிறிச் சாய்ந்தது. மரமேறுகிறவர் மேலே போய் லேசாக இழுத்தார். குருத்து கையோடு வந்துவிட்டது. அடி முழுக்க அழுகல், கீழே நின்ற எங்களுக்கே நாற்றம் அடித்தது. அப்பா பதறவில்லை. அழுகிய சதையைக் கத்தியால் சுரண்டி எடுக்கச் சொன்னார். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைத்து, மண்சட்டியில் ஒன்றாகக் கலந்து, அந்தப் பசையை வெட்டுவாயில் தடவச் சொன்னார். இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னது காதில் நிற்கிறது. மழை இறங்காமல் மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். மாதங்கள் கழித்து, நெளிந்து சுருங்கிய ஓர் ஓலை வெளியே வந்தது. அடுத்தது கொஞ்சம் நேராக வந்தது. பிறகு மரம் தன் பாட்டுக்கு வளர்ந்தது.

அந்தப் பசைக்குப் பெயர் போர்டோ பசை. பிரான்சின் போர்டோ பகுதியில் 1880களில் திராட்சைக் கொடியைக் காப்பாற்றக் கண்ட மருந்து அது. குருத்தை அழுக வைக்கும் நுண்ணுயிரை முதலில் இனம் கண்டது நம் பக்கத்து மண்ணில்தான். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரிக் கழிமுகத்தில் பனைமரங்கள் குருத்தழுகிச் செத்தன. அதை ஆராய்ந்த எட்வின் பட்லர் அந்த உயிருக்கு 1907இல் ஒரு பெயர் வைத்தார். பனையைத் தின்பது என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இந்தக் கதைக்கும் டெக்சாஸ் பனிக்கும் நேரான தொடர்பு உண்டு. பனி தீண்டிய பனையைப் பல சமயம் குளிர் கொல்வதில்லை. குளிரில் நைந்த குருத்துக்குள் பிறகு அழுகல் புகுந்து கொல்கிறது. அதனால் அங்குள்ள தோட்டக்கலை வல்லுநர்களும் செம்பு கலந்த மருந்தைக் குருத்தில் ஊற்றச் சொல்கிறார்கள், பத்து நாள் இடைவெளியில் இன்னொரு தடவையும். கோதாவரிக்கும் ஹூஸ்டனுக்கும் மருந்து ஒன்றுதான்.

அண்ணன் மகளிடம் இதைத்தான் சொன்னேன். கருகிய ஓலையை உடனே வெட்டாதே, அடுத்த குளிர் வந்தால் அதுவே குருத்துக்குப் போர்வை. குருத்தை மெல்ல இழுத்துப் பார். வராவிட்டால் மருந்து ஊற்று. ஏணி வைத்து ஏறி, நடுக்குருத்தும் பக்கத்து மட்டையும் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி மார்க்கர் பேனாவால் ஒரே கோடு போடு. பிறகு இறங்கி வந்து காத்திரு.

குயின் பாம் போய்விட்டது. இழுத்ததுமே குருத்து வந்துவிட்டது, வாடை அடித்தது என்றாள். சேபல் பனைக்கு ஓலை நுனிகள்தான் கருகியிருந்தன. சந்தேகம் எல்லாம் அந்த மெக்சிகோப் பனையின் மேல்தான். மார்ச்சில் தெரு முழுக்க மரம் அறுக்கும் சத்தம். வீட்டுக்காரரும், "இந்த மொட்டைக் கம்பத்தை வெச்சு என்ன செய்யப் போற?" என்று கேட்டுவிட்டார். ஏப்ரலில் அவள் குரலில் நம்பிக்கை குறைந்திருந்தது. நான் ஒக்கியில் வெட்டிய மரத்தைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்.

பனை இனத்தில் துன்பமும் மெல்லத்தான் தெரியும், மீட்சியும் மெல்லத்தான் தெரியும். தென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஓர் ஓலை என்று ஆண்டுக்கு 12 ஓலை விரியும். இன்று விரியும் பாளையோ சுமார் இரண்டரை ஆண்டுக்கு முன்பே குருத்துக்குள் கருக்கொண்டது. ஆகவே ஒரு வறட்சியோ புயலோ வந்தால் அதன் வடு இரண்டு, மூன்று ஆண்டு கழித்தும் காய்ப்பில் தெரியும். காப்பாற்றிய மரமும் உடனே காய்த்துக் கடன் தீர்க்காது. அதற்கு நாம் அவகாசம் கொடுத்தாக வேண்டும்.

எதிர்பாராத வானிலை இனி அடிக்கடி வந்து கதவைத் தட்டும் போலிருக்கிறது. 2025 ஜனவரி 21ஆம் தேதி, நமக்குப் பொங்கல் முடிந்த ஒரு வாரத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்டு அங்குலப் பனி விழுந்தது. புளோரிடாவின் பென்சகோலாவில் கடற்கரைப் பனைகள் வெள்ளையைச் சுமந்து நின்ற காட்சியை உலகமே பார்த்தது. நம் ஊருக்குப் பனி வராது. ஆனால் காற்று வரும், வெள்ளம் வரும், அடைமழைக்குப் பின் அழுகல் வரும், காண்டாமிருக வண்டு எப்போதும் வரும். எது வந்தாலும் தென்னையிடம் முதலில் விசாரிக்க வேண்டியது குருத்தைத்தான். உங்களுக்குத் தெளிவில்லை என்றால் மரமேறுகிறவரிடம் கேளுங்கள், பக்கத்து வேளாண் அலுவலரிடம் கேளுங்கள், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்ட பிறகு கோடாலியை எடுக்கலாம்.

மே மாதம் ஒரு ராத்திரி, நான் படுக்கப் போன நேரத்தில், கைப்பேசியில் மூன்றாவது படம் வந்தது. ஏணி மேல் நின்று கிட்டத்தில் எடுத்த படம். காய்ந்த மட்டைகளுக்கு நடுவே விரல் பருமனில் ஒரு குருத்து. மட்டையில் இருந்த பாதிக் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. குருத்தில் இருந்த பாதிக் கோடு இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

அவள் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. மறுநாள் காலையில் எழுந்ததும் விளைக்குப் போனேன். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்த்தேன்.