துன்பத்தில் துணை: பண்டித ரமாபாயின் வாழ்வு



சென்னையிலிருந்து இரயிலேறிப் புணே வந்து சேர்ந்தவர்கள் நாம். தௌண்ட் சந்திப்பைக் கடந்து, பெட்டி படுக்கைகளைச் சரிசெய்து கொண்டிருக்கும் வேளையில், கேட்காவ் என்னும் சிற்றூரின் நிலையம் சன்னலுக்கு வெளியே வந்து மறைகிறது. நம்மில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஆயினும், துன்பத்தையும் மரணத்தையும் கிறிஸ்தவ நெஞ்சம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு, அவ்வூரில் வாழ்ந்து மறைந்த பண்டித ரமாபாயின் வரலாற்றைப் போன்ற பாடம் அரிது.

ரமாபாய் பிறந்தது 1858ஆம் ஆண்டு. தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழியில் பெரும் புலமை வாய்ந்தவர். பெண்ணுக்குக் கல்வி ஆகாது என்றிருந்த காலத்தில் அவர் தம் மனைவிக்கு வடமொழி கற்பித்தார். அந்தத் தாயே மகளுக்கு ஆசானானாள். தலங்கள்தோறும் நடந்து, புராணம் படித்து, கிடைத்ததை உண்டு வாழ்ந்த குடும்பம் அது.

அப்போது வந்தது பெரும்பஞ்சம். நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்களே, 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்துக்கும் முன்னரே வந்த கொடுமை அது. கையிலிருந்த பொருளெல்லாம் தீர்ந்தது. தந்தை மறைந்தார், தாயும் மறைந்தாள், பின்னர் அக்காளும் மறைந்தாள். தாயின் சடலத்தைத் தூக்கப் போதிய ஆளில்லை. இரங்கி வந்த இருவரோடு அண்ணனும் தங்கையுமே பாடைக்குத் தோள் கொடுத்தனர். ரமாபாய் குள்ளமான உருவினர். மற்றவர் தோளுயரத்துக்கு எட்டாமையால், தம் பங்குச் சுமையைத் தலையிலே தாங்கிச் சென்றார்.

நேயர்களே, பெற்ற தாயைத் தலையில் சுமந்து சென்ற அந்தப் பெண்ணிடம் நாம் என்ன ஆறுதல் சொல்லியிருப்போம்? விதி என்று சொல்லியிருப்போமா? எல்லாம் நன்மைக்கே என்று சொல்லியிருப்போமா? அச்சொற்கள் அவ்விடத்தில் நாவில் எழா.

துயரம் அத்துடன் நிற்கவில்லை. அண்ணனும் தங்கையும் நடந்தே 1878இல் கல்கத்தா சேர்ந்தனர். அங்கே அவருடைய புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தனர். 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் விபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரை மணந்தார். மனோரமா என்ற மகள் பிறந்தாள். குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன், 1882இல், கணவரை வாந்திபேதி கொண்டு போயிற்று. கைக்குழந்தையுடன் அவர் வந்து சேர்ந்த ஊர் இந்தப் புணே.

1883இல் இங்கிலாந்து சென்றவர், அங்கே வாண்டேஜ் என்னும் ஊரில் திருமுழுக்குப் பெற்றார். அவ்விசுவாசம் அவருடைய கண்ணீரைத் தடுத்துவிடவில்லை. அங்கேதான் செவிப்புலன் குன்றத் தொடங்கியது; மருத்துவம் கற்க வேண்டும் என்ற ஆசை அதனால் நிறைவேறாமற் போயிற்று. நாடு திரும்பி 1889இல் விதவைப் பெண்களுக்காக அவர் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனம் மறு ஆண்டே புணேக்கு வந்தது. அங்குள்ள பெண்கள் மதம் மாறக்கூடும் என்ற ஐயத்தால் எழுந்த கசப்பில், துணை நின்ற பெரியோர் பலர் 1893இல் விலகினர். அவ்வாறு விலகியவர்களின் கவலையையும் நாம் எளிதாகத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஆனால் தனிமை அவரை நொறுக்கவில்லை.

பின்பு 1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ரமாபாய் அங்கே விரைந்தார். எலும்பும் தோலுமாய் நின்ற சிறுமியரைக் கண்டபோது, தம் இளமைப் பசியையே கண்டார். ஏறத்தாழ 300 பேரை அழைத்து வந்தார். பிளேக் நோயையொட்டிப் புணேயில் கட்டுப்பாடுகள் இருந்தமையால், கேட்காவ் நிலத்தில் அவர்களைக் குடியேற்றினார். அதுவே முக்தி சதனம் ஆயிற்று. நெசவு, வேளாண்மை, அச்சுத்தொழில் என்று பெண்கள் தம் கையாலேயே பிழைக்கக் கற்றனர். பார்வையற்றோர்க்கும் அங்கே இடமிருந்தது. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர்.

இங்கேதான் கிறிஸ்தவ ஆறுதலின் உட்பொருள் நமக்கு விளங்குகிறது. துன்பம் ஏன் வந்தது என்ற வினாவுக்கு நற்செய்தி கணக்கெழுதி விடை தருவதில்லை. நண்பன் லாசருவின் கல்லறையருகே இயேசு முதலில் செய்தது அழுததுதான். ஆறுதல் பெற்றவன் அந்த ஆறுதலையே பிறர்க்கும் வழங்கவேண்டும் என்பது பவுலடியாரின் கருத்து. பசியறிந்த ரமாபாய் பசித்தவர்க்குத் தாயானார். பட்ட துயரம் வீண்போகாமல் பிறருக்கு நிழலாக மாறுவதையே நாம் சிலுவையின் வழி என்கிறோம்.

இறுதிச் சோதனையும் வந்தது. தமக்குப் பின் முக்தியை நடத்துவாள் என்று நம்பியிருந்த மகள் மனோரமா 1921இல் காலமானாள். மூலமொழிகளைக் கற்று, மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக் கொண்டிருந்த அந்த முதிய அன்னை, பணியை நிறுத்தவில்லை. அதை முடித்து, 1922 ஏப்ரல் 5ஆம் நாள் கண்மூடினார். அவ்வேதாகமம் முக்தியின் அச்சகத்திலேயே அச்சாகி 1924இல் வெளிவந்தது.

சென்னையை அறிந்த நமக்குப் பரங்கிமலை தெரியும். புனித தோமையார் உயிர் நீத்த இடம் என்பது மரபு. உயிர்த்தெழுந்த ஆண்டவர் அத்தோமையாருக்குக் காட்டியது தம் காயங்களையே. உயிர்ப்பு காயங்களை அழித்துவிடவில்லை என்பது நாம் ஊன்றி நினைக்கத் தக்கது. கிறிஸ்தவனின் நம்பிக்கை இழப்பை மறப்பதன்று, இழப்போடு எழுவது.

ஊரைவிட்டு வந்த நாம், தந்தைக்குக் கொள்ளி வைக்கவும் தாயின் முகத்தைக் கடைசியாகக் காணவும் இயலாமற் போகும் துயரத்தை அறிந்தவர்கள். இரயிலில் ஓர் இரவும் பகலும் கழிவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிடுகிறது. அத்தகைய செய்தி நம் அடுத்த வீட்டுக்கு வரும் நாளில், பெரிய விளக்கங்கள் வேண்டா. வாயிலில் சென்று நிற்போம். ஒரு குவளைக் காப்பி கொண்டு செல்வோம். இரயில் நிலையம் வரை உடன் செல்வோம். இறந்தவர்களை இறைவன் கைவிடார் என்ற நம்பிக்கையை, இருப்பவர்களை நாம் கைவிடாமையால் காட்டுவோம்.

அடுத்த முறை கேட்காவ் நிலையத்தைக் கடக்கும்போது, தாயைத் தலையில் சுமந்த அந்தச் சிறு உருவத்தை ஒருகணம் நினைப்போமாக.