கண்ணுக்குத் தெரியாத ஒளியும் ரத்தத்துக் கொழுப்பும்



"கண்ணால் கண்டால்தான் நம்புவோம் என்கிறீர்களே, காற்றைக் கண்டீர்களா?" என்று நம்மை மடக்குவதாக எண்ணிக் கேட்கும் பண்டிதர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆகவே இன்று கண்ணுக்கே தெரியாத ஓர் ஒளியைப்பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

1800-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்பவர் சூரிய வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடியால் நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில், உஷ்ணம் இன்னும் அதிகமாய் ஏறிற்று. இவர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த வாத்தியக்காரர். வான சாஸ்திரத்தைத் தாமாகவே படித்துக்கொண்டவர். நம்பாவிட்டால் நரகம் என்று அவர் சொன்னாரா? உஷ்ணமானி வைத்திருக்கிற எவனும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதுவே அகச்சிவப்பு ஒளி.

நிற்க, இதற்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தமென்பீர்கள். கொழுப்பு என்பது கரியும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலி. அந்தக் கோப்புகள் வீணைத் தந்திபோல் சதா அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. தன் அதிர்வுக்கு ஒத்த அகச்சிவப்பு ஒளியை மட்டும் ஒவ்வொன்றும் விழுங்கும். சென்டிமீட்டருக்கு 2,850, 2,920 அலைகள் கொண்ட ஒளியைக் கொழுப்புச் சங்கிலியும், 1,740 அலை உள்ளதை அதன் எஸ்டர் முடிச்சும் விழுங்குகின்றன. எவ்வளவு விழுங்கிற்று என்று அளந்தால் எவ்வளவு கொழுப்பு என்று தெரிந்துபோகும். ஆனால் தண்ணீரும் இந்த ஒளியைப் பேராசையோடு குடிப்பதால், ரத்தத்தின் தெளிநீரில் ஒரு சொட்டை உலர்த்தி மெல்லிய ஏடாக்கியும் பார்க்கிறார்கள்.

இனி ரண சிகிச்சை. 1966-ல் அமெரிக்காவில் அயோவா நகரத்து எட்வர்ட் மேசன் என்ற டாக்டரும் அவர் கூட்டாளியும் இரைப்பையின் பெரும்பகுதியை விலக்கிவிட்டு, மேற்பாகத்தில் சிறு பை மட்டும் விட்டு அதைக் குடலோடு இணைத்தார்கள். இரைப்பையையே நீளக் குழாயாக வெட்டிக் குறுக்கும் முறை பின்னால் வந்தது. இவற்றுக்குப் பின் சில மாதங்களில் ரத்தத்தில் டிரைகிளிசரைடு இறங்குகிறது; எச்.டி.எல். என்னும் நல்லது மெள்ள ஏறுகிறது, எல்.டி.எல். குடலை மாற்றி இணைத்தவர்களுக்கு நன்றாயும், இரைப்பையை மட்டும் குறுக்கினவர்களுக்குக் குறைவாயும் இறங்குகிறது. சிகிச்சைக்கு முன் எடுத்த ஒளிக்கோட்டையும் பின்னால் எடுத்ததையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், டிரைகிளிசரைடு இறங்கின அளவுக்கு 1,740-ல் இருந்த மேடும் தணியும்.

ஆனாலும் இந்தக் கருவிக்கு நாம் கோயில் கட்டப்போவதில்லை. பலவகைக் கொழுப்பும் ஒரே மேட்டில் கலந்து நிற்பதால், பிரித்தறியக் கணக்குப் போடவேண்டும். அந்தக் கணக்கையும் வழக்கமான ரசாயனப் பரிசோதனையோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் இன்றும் நம்பியிருப்பது அந்த ரசாயனப் பரிசோதனையையே.

பருத்த மனிதனைக் கண்டால் தீனிப்பண்டாரம் என்று சிரிக்கிறார்கள். இல்லாவிட்டால் அவன் தலையெழுத்து என்கிறார்கள். ஸ்வீடனில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பருத்தவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2007-ல் வெளியிட்ட கணக்கில், ரண சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே சாவு குறைவாயிருந்தது. தலையெழுத்தானால் கத்தி அதை அழித்தது எப்படி? ஆயினும் கத்தியோடு காரியம் முடிந்துவிடவில்லை. செய்துகொண்டவர் இரும்புச் சத்து, கால்சியம், பி12 முதலியவற்றை ஆயுள்வரை உட்கொள்ளவேண்டும்; தவணை தவறாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இளைத்தாயிற்றே, இனி டாக்டர் எதற்கு என்று வீட்டிலிருந்துவிடுகிறவர்களுக்குச் சோகையும் நரம்புக் கோளாறும் வரக்கூடும்.