ஒரு பிடி மண்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



மண்வளமும் விளைச்சலும் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் வேளாண் வல்லுநன் அல்லன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துபவன். ஆகவே நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உரங்கள் பற்றிய பாடம் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க வயல்ல நட்டு இருபது நாளாச்சு. பயிரு வளரவே இல்ல. அடியிலையெல்லாம் துருப் புடிச்ச மாதிரி இருக்கு. ஏன் சார்?" என்றாள். வயலைப் பார்க்காமலே, "தழைச்சத்து பத்தவில்லை, யூரியா போடச் சொல்" என்றேன். சார் சொன்னார் என்பதற்காக அவள் அப்பா கடைக்காரரிடம் கடன் சொல்லி ஒரு மூட்டை வாங்கிப் போட்டார். துரு போகவில்லை. நன்றாக இருந்த பக்கமும் கருகருவென்று வளர்ந்து, இலைச்சுருட்டுப்புழு விழுந்தது.

அறுவடைக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். "உக்காருங்க சார்" என்று மோர் கொடுத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகுதான் மாணவர்களோடு அந்த வயலில் மண் எடுத்தோம். வரப்போரம், மரநிழல், எருக் குவித்த இடம் இவற்றை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி நீக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டு வந்தோம். முடிவு வந்தது: கார மண், துத்தநாகம் குறைவு. நீர் தேங்கிய கார மண்ணில் இருக்கிற துத்தநாகமும் வேருக்கு எளிதில் கிட்டாது. அங்கே யூரியா என்ன செய்யும்?

ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய குறும விதி இதுதான். எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலின் எல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் நடக்கும் நிரந்தர உரச் சோதனையில் தழைச்சத்து மட்டும் இடும் பாத்தி, மூன்று சத்தும் இடும் பாத்தி, தொழுவுரப் பாத்தி, எதுவுமே இடாத பாத்தி எல்லாம் அருகருகே உள்ளன. வாய்ப்பிருந்தால் மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுவுரம் இட்ட ஒரு பார்லிப் பாத்தி இருக்கிறது. நிறுத்தி நூறாண்டு கடந்தும் அந்த எருவின் மிச்சம் மண்ணில் அளக்கக் கிடைத்தது. எருவை எடைபோட்டு ஏளனம் செய்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

அடுத்த நடவுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், 20 கிலோ மணலில் கலந்து தூவச் சொன்னார்கள். அந்த அப்பா யோசித்தார். "பாதி வயல்ல மட்டும் போட்டுப் பாப்போம் சார்" என்றார். நான் பல ஆண்டு கரும்பலகையில் 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்று எழுதிப் போட்டதை அவர் எளிதாகச் சொல்லிவிட்டார்! ஒரு மாதத்தில் வரப்பில் நின்றே வேறுபாடு தெரிந்தது. தூர்களை எண்ணி நோட்டில் எழுதியது அந்த மாணவிதான்.

இப்போது யாராவது பயிரைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்வதில்லை. "அடியிலையா, குருத்திலையா?" என்று கேட்கிறேன். பிறகு சனிக்கிழமை மண்வெட்டியோடு போகிறோம்.