தகட்டில் எழுந்த உரை



ஐரோப்பாவில் அச்சுக்கலை விவிலியக் காட்சிகளைத் தேவாலயச் சுவர்களுக்கு வெளியேயும் கொண்டு சேர்த்தது. 1498இல் ஆல்பிரெக்ட் டியூரர் வெளியிட்ட திருவெளிப்பாட்டு மரக்கட்டை அச்சுப்படங்கள் 15உம் இதற்குச் சான்று.

அடுத்து, 16ஆம் நூற்றாண்டில் அமிலச் செதுக்குமுறை பரவியது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஊசியால் வரைவர். மெழுகு நீங்கிய கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். உலோகத்தைக் குடையும் உழைப்பு குறைந்ததால், கோடு கையெழுத்தைப்போல் இயல்பாக ஓடியது.

அவ்வியல்பைத் திறம்பட ஆண்டவர் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ரெம்பிராண்ட். ஏறத்தாழ 1648இல் அவர் முடித்த ‘நூறு கில்டர் படம்’ மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தைத் தழுவியது. நோயாளர் நலம் பெறுதல், பரிசேயரின் வாதம், குழந்தைகளை ஏற்றல், செல்வ இளைஞனின் தயக்கம் என நூலில் அடுத்தடுத்து வருபவை ஒரே தாளில் ஒருங்கே நிற்கின்றன. இடப்புறம் ஒளியில் பரிசேயர் தமக்குள் வாதிடுகின்றனர்; வலப்புறம் இருளிலிருந்து நோயாளர் இயேசுவை நெருங்குகின்றனர்.

இது மூலத்தின் நகல் அன்று. மூலத்திற்கு எழுந்த உரை. நம் உரையாசிரியர்கள் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் கண்டனர். ரெம்பிராண்ட் காட்சிகளைக் கொண்டுகூட்டினார்.

ஆகவே மாணவர்களே, நூலிலுள்ள படத்தை அழகுக்கென இட்டதாகக் கருதிக் கடந்துவிடாதீர்கள். வரைந்தவர் எதை எதனோடு சேர்த்தார், எதை விடுத்தார் என வினவுங்கள். அவ்வினாவை வகுப்பறையில் எழுப்புவது ஆசிரியர் கடன். படமும் கற்கத்தக்க நூலே.