அஞ்சறைப் பெட்டியின் அறிவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் அடுக்களையில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். தாராவியின் ஓரறை வீடாயினும், மாதுங்காவின் பழைய கட்டடமாயினும், செம்பூர்க் குடியிருப்பாயினும் இப்பெட்டி இல்லாத தமிழர் இல்லத்தைக் காண்பது அரிது. அதில் உள்ள பொருள்கள் உணவிற்குச் சுவையூட்டுவதோடு, சிறு நோய்களுக்குக் கைமருந்தாகவும் விளங்கி வந்திருக்கின்றன. சளிக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம், வயிற்றுப் பொருமலுக்குச் சீரகமும் ஓமமும், காயத்திற்கு மஞ்சள். இவற்றை நாம் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. பாட்டி தாய்க்கும், தாய் மகளுக்கும் வாய்மொழியாகச் சொல்லி வந்த பாடம் இது.

இப்பாடத்திற்கு ஒரு சோதனை வந்தது. காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு, 1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர்கள் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த, இந்திய வழிவந்த ஆராய்ச்சியாளர் இருவர். அப்போது டாக்டர் மாஷேல்கர் தலைமையில் இயங்கிய நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு, 1996இல் மறு ஆய்வு கோரிற்று. “எங்கள் பாட்டிமார் இதனை என்றோ அறிவர்” என்ற வாதம் அங்கே எடுபடாது. அச்சிட்ட சான்று வேண்டும். பழைய வடமொழி, உருது, இந்தி நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையும் உட்பட 32 சான்றுகள் திரட்டி அளிக்கப்பட்டன. 1997 ஆகஸ்டில் அக்காப்புரிமை செல்லாதென்று தீர்ப்பாயிற்று.

பதிவேட்டில் ஏறாத சரக்கிற்கு உரிமை கோர இயலாது என்பதை இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் காண்கிறேன். அறிவிற்கும் அதே விதிதான் போலும்! இவ்வழக்கிற்குப் பின், 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பெற்றது. சித்த மருத்துவ முறைகளும் அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் பதிவாகியுள்ளன. எனினும் நூல்களில் உள்ளவையே அங்கு ஏறும். நம் வீட்டு முதியோர் நாவில் உள்ளவை ஏறா.

அவர்கள் சொன்னவை எல்லாம் மெய்யா என்று இளைஞர்கள் கேட்கலாம். கேட்கவே வேண்டும். மஞ்சட்பாலில் மிளகு தட்டிப் போடுவது நம் வழக்கம். மஞ்சளின் சாரமாகிய குர்குமினை உடல் எளிதில் ஏற்பதில்லை. மிளகின் சாரமாகிய பைப்பெரினைச் சேர்த்துக் கொடுத்தால் இருபது மடங்கு ஏற்கிறது என்று பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வொன்று 1998இல் காட்டிற்று. இஞ்சிப்பொடி கடற்பயண வாந்தியைக் குறைப்பதை 1988இல் டென்மார்க்குக் கடற்படைப் பயிற்சி மாணவர் 80 பேரிடம் சோதித்துக் கண்டனர். வெந்தயம் இரத்தச் சர்க்கரையைத் தணிப்பதை ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்டது.

ஆயினும் அளவை மறத்தலாகாது. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே உண்டு. வெந்தய ஆய்வுகளில் நாளொன்றுக்கு 25 கிராமும் அதற்கு மேலும் கொடுத்தனர். நாம் தாளிப்பதோ ஒரு சிட்டிகை. ஆகவே வெந்தயத்தை நம்பிச் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்துவது பேதைமை. மிளகின் சாரமும் சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடக் கூடும். மாத்திரை உண்போர் இவற்றை மருந்துபோல் மிகுதியாக உட்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

நெருக்கமாக வாழும் நம் பகுதியில் மற்றொன்றையும் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல் கஷாயத்திற்கு உரியதன்று. அது காசநோயாக இருக்கக் கூடும். சளிச் சோதனையும் மருந்தும் அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் இலவசம். தாராவிக்குச் சயான் மருத்துவமனை கூப்பிடு தொலைவில் உள்ளது. அவ்வாறே மழைக்காலக் காய்ச்சல் மலேரியாவா, டெங்குவா என்பதை இரத்தச் சோதனைதான் சொல்லும். கஷாயம் வைத்துக் காத்திருக்கும் நாட்களில் நோய் முற்றும். இருமலாயின் வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பரவும்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பேடு தொடங்குக. பொருளின் பெயர், அளவு, செய்முறை, எந்த நோவிற்கு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என ஆறு பத்திகள் வகுத்து, பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். ஆறாம் பத்தியில் முதற்குறிப்பாக, “ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது” என்று எழுதுக; மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. இங்குப் பிறந்த நம் பிள்ளைகளுள் பலர் மராத்தியும் இந்தியும் சரளமாக எழுதுவர். தமிழ் எழுதத் தயங்குவர். அவர்களுக்கு இது தமிழ்ப் பயிற்சியுமாகும். ஏடுகளைத் திரட்டி, மருத்துவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, அடுத்த மலரில் வெளியிடச் செயற்குழு முன்வர வேண்டுகிறேன். ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கும் வீடுகள் இன்றே தொடங்கலாம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!