முதலீடு வரட்டும், கணக்கும் வரட்டும்
(தெல்தெனிய கூட்டத்தில் பேசியது)



1948இல் பறிபோன பிரஜாவுரிமை 1988, 2003 சட்டங்களால்தான் முழுசாகத் திரும்பியது. வாக்குச்சீட்டு கைக்கு வந்த சூட்டோடு, 1992இல், அரசு தோட்ட நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. நம்மை யார் கேட்டார்கள்? பிறகு பங்கு விற்றபோது தொழிலாளருக்கு 10 சதவீதம் இலவசம் என்றார்கள். அந்தப் பத்திரம் இன்று எத்தனை லயத்தில் இருக்கிறது? கண்டிப் பக்கம் அரசு கையிலேயே நின்ற தோட்டங்களுக்கு அதுவும் இல்லை.

இனிப் புது முதலீட்டாளர் வந்தால் வரட்டும். தேயிலை கிழடாகிவிட்டது, மறுநடுகைக்குக் காசு வேண்டும். ஆனால் கையெழுத்துக்கு முன்னே ஈபிஎப் பாக்கி, சேவைக்காலப் பணம், வீட்டுக்காணி மூன்றும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்கிறோமே, அதுபோலத்தான்.

பழைய சம்பளத் துண்டுகள் கிழிந்திருந்தாலும் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.