சுவரில் ஏறிய நகரங்கள்



அறையின் அழகுக்காகச் சுவரில் ஒட்டும் தாளைச் சுவர்த்தாள் என்பர். தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பெரும்பாலான வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்பையும் வண்ணப்பூச்சையுமே கண்டவை. மலைச்சாரலின் ஈரமும் கரையானும் தாளுக்குப் பகையன்றோ? ஆயினும் சுவர்த்தாளின் வரலாற்றில் நம் நாட்டுக் கட்டடங்களுக்கும் ஓர் இடம் உண்டு. அதனைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அதன் செய்முறையை அறிவோம். தூணையோ வளைவையோ மரக்கட்டையில் செதுக்கி, வண்ணம் தோய்த்துத் தாளில் பதிப்பது பழைய முறை. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனி அச்சுக்கட்டை வேண்டும். சாதாரணத் தாளில் ஒரே உருவம் மீண்டும் மீண்டும் வரும். ஆகவே ஒரு பதிப்பின் விளிம்பு அடுத்ததன் விளிம்போடு மயிரிழையும் பிசகாமல் பொருந்தவேண்டும். வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடுவோர் நன்கறிந்த கணக்கு இது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தூணும் வளைவும் அடுக்கிய தாள்கள் பல இல்லங்களை அலங்கரித்தன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1786-இல் கல்கத்தா வந்திறங்கினர். ஊர் ஊராகச் சென்று கட்டடங்களை வரைந்தனர். 1792-இல் தென்னாட்டில் பயணம் செய்து மதுரையையும் கண்டனர். திருமலை நாயக்கர் அரண்மனை இடிந்து கிடந்த நிலையையும், புதுமண்டபத்தின் தூண் வரிசையையும் தீட்டினர். இத்தகைய படங்கள் 144, 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளியாயின.

அப்படங்களைத் துணையாகக் கொண்டு மோன்ழேன் என்னும் பிரெஞ்சு ஓவியர் ஒரு சுவர்த்தாளை அமைத்தார். ரிக்ஸ்ஹைம் ஊரின் சூபெர் தொழிலகம் 1807-இல் அதனை ‘இந்துஸ்தான்’ என்னும் பெயரால் வெளியிட்டது. 20 நீள்தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் அறை முழுவதும் ஒரே காட்சி விரியும். உருவம் திரும்ப வராது. அதற்கு 1,265 அச்சுக்கட்டைகளும் 85 வண்ணங்களும் தேவைப்பட்டன. எத்துணை உழைப்பு!

ஆனால் மாணவர்களே, இங்கே ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அத்தாளில் வெவ்வேறிடத்துக் கட்டடங்கள் ஒரே நிலக்காட்சியில் அருகருகே நிற்கின்றன. அழகு மிகுந்தது, ஊர் மறைந்தது. எந்த மண்டபம் எவ்வூரது, யார் கட்டியது என்பதை அச்சுவர் சொல்லாது. டேனியல்கள் தம் படங்களுக்கு ஊர்ப்பெயர் இட்டிருந்தனர். அதனாலன்றோ, 1866 முதல் 1872 வரை நேப்பியர் பிரபு காலத்தில் பழுதுபார்க்கப்படுவதற்கு முன் நாயக்கர் அரண்மனை இருந்த கோலத்தை நாம் இன்று அறிகிறோம்! கட்டடத்திலிருந்து அழகை எடுக்கலாம்; அதன் பெயரை உதறிவிடலாகாது.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். சின்னமனூரில் பூலானந்தீசுவரர் கோயில் இருக்கிறது. போடிநாயக்கனூர் அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. மதுரைக்குச் சென்றால் 1636-இல் எழுந்த நாயக்கர் அரண்மனையின் இதழ் வளைவுகளைக் காணலாம். கோயில் மதிலின் செங்காவியும் வெள்ளையுமான பட்டைகள்கூட ஒரு சுவர்ச்சித்திரமே. ஏதேனும் ஒன்றன் முன் நின்று, அகலத்திற்கு உயரம் எத்தனை மடங்கு என்று கண்ணால் அளந்து, ஒரே ஒரு வளைவை வரையுங்கள். அதனைக் கட்டம் போட்ட தாளில் வரிசையாகப் பெயர்த்தெழுதுங்கள். இரண்டு வளைவுகளுக்கு இடையே எஞ்சும் வெற்றிடமும் ஓர் உருவமாவதைக் காண்பீர்கள். வடிவமைப்புக் கலையின் முதற்பாடம் அதுவே. படத்தின் அடியில் ஊர், கட்டடம், நாள் ஆகிய மூன்றையும் தவறாமல் குறியுங்கள்.

பழைய சுவர்கள் நாள்தோறும் இடிகின்றன; பல சித்திரங்கள் வெள்ளையடிப்பில் மறைகின்றன. அவை அனைத்தையும் காக்கும் ஆற்றல் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ இல்லாமலிருக்கலாம். ஆனால் ஊர்ப்பெயரோடு கூடிய ஒரு நல்ல படம், சுவர் போன பின்னும் சான்றாய் நிற்கும். அந்தச் சான்றை உங்கள் கையால் உண்டாக்குங்கள்.